பாதியில் நின்ற மொழிபெயர்ப்பு

1

இந்த மார்ச் மாதத்தில் ஒரு நாள் நான் ஓடினேன். எனக்கு அறுபத்திரண்டு வயது. இடது முழங்காலில் தேய்மானம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். வெளியே நிலமெல்லாம் கண்ணாடி போல உறைந்து கிடந்தது. குளிரங்கியைக் கூட மாட்டிக்கொள்ளாமல், வேலைத்தலத்தின் பின்கதவைத் தள்ளித் திறந்துகொண்டு, வாகனங்கள் நிற்கும் இடத்தை நோக்கி, "தெக்லே! நில், போகாதே!" என்று கத்தியபடி ஓடினேன். உள்ளே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் தலைக்கவசத்தைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார்கள். பதினெட்டு வருடங்களாக நான் வேகமாக நடந்ததைக்கூட அவர்கள் பார்த்ததில்லை.

கனடாவில் எட்மன்டன் என்ற நகரத்தில் இருக்கிறேன். எண்ணெய்க் கம்பனிகளுக்குப் பைப் இணைத்துக் கொடுக்கும் ஒரு பட்டறையில் வேலை. புதிதாக வரும் வெல்டர்கள் உண்மையான பைப்பில் கை வைப்பதற்கு முன்னால் அவர்களைப் பரீட்சித்துப் பார்ப்பதுதான் என் பொறுப்பு. அதற்கென்று ஒரு விதிநூல் உண்டு. அதில் உள்ள ஒவ்வொரு வாக்கியமும் சட்டம். ஒரு "அல்லது"வை "மற்றும்" என்று படித்துவிட்டால் ஒருவனுடைய வேலை போய்விடும்.

தெக்லே எரித்திரியாவிலிருந்து வந்தவன். அவனுக்கு அன்று ஃபில்லட் பரீட்சை. ஒரு குட்டைப் பைப்பைத் தகட்டோடு முட்டி வைத்து, இரண்டும் சேரும் மூலையில் சுற்றிவர வெல்ட் வைக்க வேண்டும். பைப் படுத்த வாக்கில் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். அதைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் கீழே குனிந்து, பக்கவாட்டில் சாய்ந்து, மேலே எட்டி அதைச் சுற்றி வர வேண்டும். முடிந்த பிறகு அதை ரொட்டி மாதிரி நாலாக வெட்டுவோம். வெட்டிய முகத்தைத் தேய்த்து அமிலம் பூசினால் வெல்டின் உள்ளே நடந்தது எல்லாம் படம் போலத் தெரியும். அந்த நாலில் ஒரு துண்டை மட்டும் அழுத்தி யந்திரத்தில் வைத்து, வெல்டின் வேர், அதாவது மூலையின் அடியாழம், விரியும்படி வளைப்போம்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். துண்டு உடையாவிட்டால் ஆள் பாஸ். இதில் யாருக்கும் சந்தேகமில்லை. உடைந்தால்? உடைந்த முகத்தைப் பார் என்கிறது விதிநூல். வெடிப்பு இல்லையா, வேர் முழுவதும் உருகி ஒட்டியிருக்கிறதா, உள்ளே அகப்பட்ட கசடும் காற்றோட்டைகளும் சொன்ன அளவுக்குள் இருக்கின்றனவா, அப்படியானால் அதுவும் பாஸ்தான். உடைவது ஒரு குற்றமில்லை. எதனால் உடைந்தது என்பதுதான் கேள்வி.

தெக்லேயின் துண்டு உடைந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த பரிசோதகர் மேகன், நல்ல பெண், கவனமான பெண், படிவத்தில் "நிராகரிப்பு" என்று எழுதிவிட்டாள். தெக்லேக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் தெரியும். அவளுடைய முகத்தைப் படித்தான், பையை எடுத்தான், போய்விட்டான். நான் பக்கத்து அறையிலிருந்து வந்து அந்தத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உடைந்த முகம் சாம்பல் நிறப் பட்டுத்துணி போல இருந்தது. ஒரு புள்ளி இல்லை. அப்போதுதான் ஓடினேன்.

அவன் காரை ஸ்டார்ட் செய்திருந்தான். கண்ணாடியில் தட்டினேன். மூச்சு வாங்கியதில் எனக்குப் பேச்சு வரவில்லை. துண்டைத் தூக்கிக் காட்டி, தலையை மேலும் கீழும் ஆட்டினேன். அவன் புரிந்துகொண்டான்.

மேகன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "உடைக்கும் பரீட்சை என்று பெயர், உடைந்தால் தோல்வி இல்லையா? எழுத்தில் கொடுங்கள், மாற்றுகிறேன்" என்றாள். அவள் கேட்டதில் பிழையில்லை. ஆனால் அன்று மாலை வீட்டுக்குத் திரும்ப வேண்டிய தெருவைத் தாண்டி வெகுதூரம் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். அது தெக்லேயினால் அல்ல. முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால் கண்டியில் ஓடாமல் விட்ட ஓர் ஓட்டத்தினால்.

2

நான் ஹந்தானையில் பிறந்தவன். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து இறங்கி நடந்தே கண்டி டவுனில் பள்ளிக்கூடம் போனேன். என் வயதுக்காரர்களில் பலருக்குக் கிடைக்காத ஒன்று அங்கே எனக்குக் கிடைத்தது, ஆங்கிலம். பெரிய ஆங்கிலமில்லை. ஒரு கடிதத்தை வாசித்து விளங்கிக்கொள்ளும் அளவுக்கு.

கட்டுகஸ்தோட்டை வீதியில் ஹனிபா நானாவின் வேர்க்ஷொப் இருந்தது. தேயிலை ஃபெக்டரிகளின் பொய்லர் பைப்புகள், லொறிச் சட்டங்கள், வாசல் கேட்டுகள் எல்லாம் அங்கே வரும். நானும் தங்கவேலும் அங்கே வெல்டர்கள். தங்கவேல் மடுல்கெல்ல பக்கத்துத் தோட்டத்தான். என்னை விட இரண்டு மாதம் மூத்தவன் என்று அடிக்கடி ஞாபகப்படுத்துவான். திங்கட்கிழமை வந்து கிழமை முழுவதும் வேர்க்ஷொப்பின் மேல்தட்டில் தங்கி, சனிக்கிழமை பஸ் ஏறுவான். புதிதாகக் கல்யாணமானவன்.

அவனுடைய கை என்னுடைய கை மாதிரி இல்லை. பைப்பின் அடிப்பக்கத்தில், முகத்துக்கு நேரே நெருப்பு சொட்டும் இடத்தில், அவன் சாவகாசமாக வெல்ட் வைப்பான். "எப்படிடா?" என்று கேட்டால், "உருகுற சத்தத்தைக் கேளு, கண்ணால பாக்காத" என்பான். எனக்கு அந்தச் சத்தம் ஒருநாளும் கேட்கவில்லை.

எங்களுக்கெல்லாம் பாஸ்போர்ட் என்பதே அப்போது ஒரு கனவு. இந்த மண்ணில் பிறந்தும் எந்த நாட்டுப் பிரஜையாகவும் இல்லாமல் இருந்தோம். தங்கவேலின் அப்பா பிரஜாவுரிமைச் சான்றிதழுக்காகக் கண்டிக் கச்சேரிக்கு, அந்த அரசாங்கக் காரியாலயத்துக்கு, நடந்த நடையை எண்ண முடியாது. "நாளைக்கு வா" என்பதைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கேட்டுக் கேட்டு, கடைசியில் அந்தக் கடுதாசி வந்தபோது அவர் உயிரோடு இல்லை. தங்கவேல் அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டைக்குள்ளே வைத்துக்கொண்டு வந்து எனக்குக் காட்டினான். என்னுடையது அதற்குக் கொஞ்சம் முந்தி வந்திருந்தது.

"இனி எங்க வேணும்னாலும் போகலாம்டா" என்றான். அதுவரை பன்வில சந்தையும் கண்டியும் தவிர வேறெங்கும் போகாதவன்.

அந்த வருடம்தான் வளைகுடா நாட்டுக் கம்பனி ஒன்றுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட், ஹனிபா நானாவின் வேர்க்ஷொப்பிலேயே பரீட்சை வைக்க ஏற்பாடு செய்தார். வேண்டியது ஆறு வெல்டர்கள். பரீட்சைக்கு வந்தவர்கள் எட்டுப் பேர். பரீட்சகர் ஒரு வெள்ளைக்காரர். நரைத்த மீசை, கால்சட்டைப் பையில் ஒரு பூதக்கண்ணாடி. அவருக்குத் தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது.

"பாலன், நீங்க தம்பிமாருக்கு அவர் செல்றதைத் தமிழ்ல செல்லுங்க" என்று ஹனிபா நானா என்னிடம் சொன்னார். அப்படித்தான் நான் பரீட்சை எழுதுபவனாகவும் மொழிபெயர்ப்பவனாகவும் ஒரே நாளில் ஆனேன்.

3

காலையில் என் முறை முடிந்துவிட்டது. என் வெல்ட் பைப்பின் மேல் நீளமாகவும் தகட்டின் மேல் குட்டையாகவும் இறங்கியிருந்தது. பரீட்சகர் அளந்து பார்த்து, எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனாலும் மேலதிக ஆளாக எழுதுகிறேன் என்றார். அதாவது ஆறு பேர் நிரம்பாவிட்டால்தான் நான். மத்தியானத்துக்குள் ஐந்து பேர் தேறிவிட்டார்கள். ஒருவன் தோற்றுவிட்டான். மிஞ்சியது தங்கவேல்.

அவன் தேறினால் அவன் போவான். தேறாவிட்டால் நான். இது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

ஊர் நிலைமை சரியில்லாத காலம் அது. பின்னேரமானால் ஊரடங்கு. பஸ்கள் ஓடும் என்று நிச்சயமில்லை. வத்தேகம, பன்வில வழியாக மடுல்கெல்ல போகும் கடைசி பஸ் மூன்று மணிக்கு என்று காலையில் யாரோ சொல்லியிருந்தார்கள். தங்கவேலின் துண்டை யந்திரத்தில் வைத்தபோது மணி இரண்டரை.

பிடியை இறக்க இறக்க அது மெதுவாக வளைந்தது. பிறகு ஒரு சத்தம். கட்டைக் கதிரையின் கால் முறிகிற மாதிரி. எல்லோருக்கும் கேட்டது.

பரீட்சகர் ஏதோ சொன்னார். இரண்டு வாக்கியம். தங்கவேல் என் பக்கம் திரும்பினான். அவன் முகமெல்லாம் கரி. கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

"என்னாடா சொல்றாரு?"

"உடைஞ்சிருச்சுன்னு சொல்றாரு."

முதல் வாக்கியத்தை மட்டும்தான் சொன்னேன். ஏன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். உடைந்தால் தோல்வி என்றுதான் நானும் நினைத்தேன், அது உண்மை. விதிநூலை அதற்கு முன்னால் நான் கண்ணால் கண்டதில்லை. இரண்டாவது வாக்கியத்தைச் சொல்ல வாய் திறப்பதற்குள் அவன் கையுறைகளைக் கழற்றிவிட்டான், அதுவும் உண்மை. ஆனால் நான் வாய் திறந்தேனா? அது எனக்குத் தெரியவில்லை.

அவன் யாரிடமும் எதுவும் சொல்லாமல் மேல்தட்டுக்கு ஏறிப் பையை எடுத்துக்கொண்டு இறங்கி, வீதிக்குப் போய்விட்டான்.

பரீட்சகர் உடைந்த துண்டுகளை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். திரும்பி வந்து, அவன் தேறிவிட்டான், கூட்டி வா என்றார். நான்கு மணிக்கு அவர் கொழும்புக்குப் புறப்பட வேண்டும். அதற்குள் அவன் படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். ஏஜென்ட் என்னைப் பார்த்து, "ஓடு!" என்றார். ஹனிபா நானா டவுனுக்கு வெல்டிங் ரொட் வாங்கப் போயிருந்தார். வேறு யாரும் இல்லை.

வாசல்வரை ஓடினேன். வீதியின் வளைவுவரை ஓடினேன். அதற்கப்பால் என்னை யாரும் பார்க்க முடியாது. நான் நடக்கத் தொடங்கினேன்.

நடந்துதான் போனேன். வேகமாகக்கூட நடக்கவில்லை. மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் வந்தபோது மூன்று மணி தாண்டிவிட்டது. பஸ் நிலையத்துக்குப் போய் ஒரு கண்டக்டரிடம் மடுல்கெல்ல பஸ் போய்விட்டதா என்று கேட்டேன். அவன் கையை வெளிப்பக்கம் காட்டி, "கியா, கியா" என்றான். போய்விட்டது.

திரும்பி வந்து, "பஸ் போயிருச்சு சேர்" என்றேன். பரீட்சகர் ஒரு பெருமூச்சு விட்டு, ஆறாவது இலக்கத்துக்கு நேரே என்னுடைய பெயரை எழுதினார்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் பஸ் ஓடவில்லை. மூன்றாம் நாள் தங்கவேல் வேர்க்ஷொப்புக்கு வந்தபோது நான் மருத்துவச் சோதனைக்காகக் கொழும்பில் இருந்தேன். பிறகு நாங்கள் சந்திக்கவே இல்லை. தோஹாவிலிருந்து ஒரு கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. தோற்றுப்போன வெட்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

4

தோஹாவில் ஒன்பது வருடம். பிறகு கனடா. இங்கே வருவதற்கு நிரப்பிய படிவத்தில், பிறக்கும்போது எந்த நாட்டுக் குடியுரிமை என்று ஒரு கேள்வி இருந்தது. "எதுவுமில்லை" என்று எழுதினேன். கட்டத்தை நிரப்பவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நிரப்பித்தான் இருக்கிறேன் ஐயா, உண்மையில் எதுவுமில்லை என்று விளக்கி எழுத மூன்று கடிதங்கள் பிடித்தன.

மொழியும் காலை வாரியது. வந்த புதிதில் ஒரு வெல்டரைப் பற்றிய அறிக்கையில், ஊரில் நாம் பயிற்சி முடித்தவரைச் சொல்கிற மாதிரி, அவர் "பாஸ்ட் அவுட்" ஆனார் என்று எழுதினேன். பாதுகாப்பு அதிகாரி முதலுதவிப் பெட்டியோடு ஓடி வந்தார். இந்த ஊர் ஆங்கிலத்தில் அதற்கு மயங்கி விழுந்தார் என்று அர்த்தமாம். அன்றிலிருந்து எழுதுகிற ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தரம் பார்க்கிறேன்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மகன் வான்கூவரில். பிறந்தநாளுக்குக் கைபேசியில் ஒரு கேக் படம் அனுப்புவான். மகள் அனிதா இதே நகரத்தில் சட்டத்தரணி. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அம்மாவின் சோறு சாப்பிட்டுவிட்டுப் போவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இது எங்களுக்குப் பழகிவிட்டது. நடுவில் ஏதோ நழுவிப் போகிறது என்று இருவருக்கும் தெரியும்.

மேகன் எழுத்தில் கேட்டாள் அல்லவா? எங்கள் பட்டறைக்கு ஆலோசனை சொல்லும் மூத்த பொறியியலாளருக்குக் கேள்வி அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஆம் அல்லது இல்லை என்று பதில் வருகிற மாதிரிக் கேள்வியை எழுத வேண்டும். என் கதையெல்லாம் எழுதக் கூடாது. அந்த ஞாயிறு நான் எழுதியதை அனிதாவிடம் காட்டினேன். ஒன்றரைப் பக்கம்.

அவள் பேனையை எடுத்து வெட்டத் தொடங்கினாள். வெட்டி வெட்டிக் கடைசியில் ஒரே கேள்வி மிஞ்சியது. ஃபில்லட் வெல்டின் உடைப்புப் பரீட்சையில் துண்டு உடைந்தது என்பது மட்டுமே நிராகரிக்கக் காரணமாகுமா?

"இதுதானே அப்பா உங்கள் கேள்வி?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "இதற்கு ஏன் நீங்கள் அழுகிறீர்கள்?"

நான் அழுவது எனக்கே தெரியவில்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்தபடி, யாருக்கும் சொல்லாததை, என் மனைவிக்குக்கூடச் சொல்லாததை, அவளுக்குச் சொன்னேன். தங்கவேல், அந்தச் சத்தம், அந்த ஒரு வாக்கியம், அந்த வீதியின் வளைவு. அவளுக்குப் புரிய வேண்டும் என்று நடுநடுவே ஆங்கிலத்துக்குத் தாவினேன். அவள் கையைக் காட்டித் தடுத்தாள்.

"தமிழ்லயே சொல்லுங்க."

சொல்லி முடித்தேன். அவள் பேனையை மூடி அந்தத் தாளின் மேல் வைத்தாள். நீங்கள் அப்போது சின்ன வயது, ஏழ்மை, பயம் என்றெல்லாம் ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சட்டத்தரணி அல்லவா, எனக்காக வாதாடுவாள் என்று நினைத்தேன். அவள் திக்கித் திக்கித் தமிழில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவருக்குத் தெரியுமா அப்பா, அவர் பாஸ்னு?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"அப்போ போய்ச் சொல்லுங்க."

பொறியியலாளரின் பதில் பத்து நாளில் வந்தது. கேள்வியைத் திரும்ப எழுதி, அதன் கீழே ஒரு சொல். "இல்லை." மேகன் படிவத்தை மாற்றினாள். தெக்லேயிடம் தானே போய் மன்னிப்பும் கேட்டாள். அவள் அதைச் செய்ய எடுத்த நேரம் ஒரு நிமிடம்கூட இருக்காது.

5

ஜூலையில் கண்டிக்குப் போனேன். அம்பிட்டியவில் மனைவியின் தங்கை வீட்டில் தங்கினேன். ஹனிபா நானா மௌத்தாகி, அடக்கம் செய்து பல வருடமாகிவிட்டது. வேர்க்ஷொப் இருந்த இடத்தில் இப்போது டைல்ஸ் கடை. அவருடைய மகன்தான் தங்கவேல் இருக்கும் இடத்தைச் சொன்னார். "மடுல்கெல்ல டவுனுக்குக் கிட்ட, ரோட்டோரமா ஷெட் போட்டீக்கிறாரு. அந்தப் பக்கத்து ஃபெக்டரிக்காரங்க எல்லாம் அவர்ட்டத்தான் வார."

திரீவீலில் போனேன். தகரக் கூரை போட்ட ஷெட். முன்னால் ஃபெக்டரி உலர்த்தியின் பைப் ஒன்று கிடந்தது. ஒருவர் தலைக்கவசத்தைத் தூக்கி என்னைப் பார்த்தார். எனக்கு உடனே தெரிந்தது. அவருக்குச் சற்று நேரமாயிற்று.

"யாரு... பாலனா? என்னாடா, மண்டையில ஒன்னுமே மிஞ்சலயே!"

"ஒனக்கு மட்டும் என்னா மிஞ்சியிருக்கு?"

சிரித்தான். ஆனால் எழுந்து வரவில்லை. ஷெட்டின் பின்னால்தான் வீடு. அவன் மனைவி பார்வதி இரண்டு கதிரைகளைக் கொண்டுவந்து போட்டு, பிளேன்டீ கொடுத்துவிட்டு வாசற்படியில் நின்றாள். மூன்று பிள்ளைகள், எல்லோரும் கொழும்பில் வேலை என்றான். ஏஜென்ட்மார் பிறகு கூப்பிடவில்லையா என்று கேட்டேன். கூப்பிட்டார்களாம். அதற்குள் பார்வதிக்கு முதல் பிரசவம் சிக்கலாகி, போக முடியவில்லையாம். நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"தங்கவேலு, நீ அன்னைக்குப் பாஸ்டா."

"தெரியும். மூணா நாளே நானா சொல்லிட்டாரு. 'பாலன் ஒங்களத் தேடித்தான் போன, பஸ் போய்த்தாம்'னாரு."

"நான் ஓடல. வளைவு வரைக்கும்தான் ஓடினேன். அப்புறம் நடந்துதான் வந்தேன்."

"அதுவும் தெரியும்."

எனக்கு விளங்கவில்லை. அவன் வீதியைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"பஸ்ஸு ஸ்டாண்டை விட்டு வெளிய வந்து, மணிக்கூட்டுக் கோபுரத்துக்கிட்ட ஆளு ஏத்திக்கிட்டு நின்னுச்சு. நான் பின் சீட்டு, ஜன்னலோரம். நீ வந்த. கடைவீதி பாக்க வந்தவன் மாதிரி கையை வீசிக்கிட்டு வந்த. சரி, இவன் நம்மளத் தேத்த வர்றான், இப்ப இவன் மொகத்தைப் பாக்க முடியாதுன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். நீ என்னைத் தாண்டிப் போன. பஸ்ஸு எடுத்துட்டான்."

"தங்கவேலு..."

"நீ ஓடி வந்திருந்தீன்னா, என்னமோ விசயம்னு எறங்கியிருப்பேன். அவ்வளவுதான்டா. மூணா நாள் நானா சொன்னப்ப, அந்த நடைதான் எனக்கு ஞாபகத்துல வந்துச்சு. பாஸான ஆளக் கூப்பிட வர்றவன் அப்படியா நடந்து வருவான்?"

வாசற்படியிலிருந்து பார்வதி சொன்னாள்: "ஒங்க கடுதாசிய இவரு பிரிக்கக்கூட இல்ல. அப்படியே அடுப்புல போட்டுட்டாரு."

"ரொம்ப வருசம் ஒன் பேரக் கேட்டாலே எனக்கு ஆகாது" என்றான் தங்கவேல். "அப்புறம் வேலை, புள்ளைங்க. கோவப்படவும் நேரம் வேணுமில்ல."

"என்னை மன்னிச்சிரு" என்றேன். இந்த இரண்டு சொல்லுக்காகத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தேன். ஆகாயவிமானத்தில் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்திருந்தேன். வாயிலிருந்து வெளியே வந்தபோது அது மிகச் சிறியதாக இருந்தது.

தங்கவேல் கீழே கிடந்த பைப்பைக் காலால் மெல்லத் திருப்பினான். ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வளைவில் இறங்கிப் போனது.

"அதுக்கு இப்பவே பதில் கேக்காத" என்றான். "நீ ஒன்னு செய்யி. நானா எனக்குப் பாஸ்னு மட்டும்தான் சொன்னாரு. அவரும் அங்க இல்ல. அந்த வெள்ளைக்காரன் என்னா சொன்னான்? நீதானே பக்கத்துல நின்ன. ஒனக்குத்தானே இங்கிலீசு தெரியும். ஒரு வார்த்தை விடாமச் சொல்லு."

சொன்னேன். மறக்கவில்லை. மறக்க விரும்பிய எதையும் நான் மறந்ததில்லை.

"மொதல்ல, 'உடைஞ்சிருச்சு'ன்னாரு. அதுதான் ஒனக்குத் தெரியுமே. உடனேயே, 'இங்க கொண்டா, உடைஞ்ச மொகத்தைப் பாக்கணும்'னாரு. அப்ப நீ கையுறையைக் கழட்டிட்ட. அவரு ரெண்டு துண்டையும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோயி, பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, 'இதைப் பாரு, வேரு முழுக்க உள்ள எறங்கியிருக்கு, ஊசி மொனை அளவுக்கு ஒரு ஓட்டை இல்ல'ன்னாரு. 'அடிப்பக்கத்துலகூட இல்ல'ன்னாரு. 'இது யார் கை?'ன்னு கேட்டாரு. ஒன் பேரச் சொன்னேன். அவரு ரெண்டு தரம் சொல்லிப் பாத்தாரு. 'டங்கவெல், டங்கவெல்'னு. கடைசியா, 'இன்னைக்கு நான் பாத்ததுல இதுதான் நல்ல வெல்ட், இதை அந்த ஆள்கிட்ட நீ மறக்காமச் சொல்லணும்'னாரு."

தங்கவேல் வலது கையை மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். விரல்களெல்லாம் பழைய தீப்பொறித் தழும்புகள். அவன் முகத்தில் என்ன இருந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. கோபமும் இல்லை, சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது. வெல்டை முடித்துவிட்டு அது ஆறும்வரை காத்திருக்கும்போது அவன் முகம் அப்படித்தான் இருக்கும்.

"பார்வதி, இங்க வந்து ஒக்காரு" என்றான்.

அவள் படியிலிருந்து இறங்கி, பைப்பின் மேல் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தாள்.

"இவளுக்குச் சொல்லு. மொத இருந்து சொல்லு. அன்னைக்கு வந்து ரெண்டு நாளு சோறு திங்காமக் கெடந்தப்ப, இவதான் என்னா நடந்துச்சுன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. எனக்குச் சொல்லத் தெரியல."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"மொதல்ல, 'உடைஞ்சிருச்சு'ன்னு சொன்னாரு" என்றேன்.

பார்வதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னை நேராகப் பார்த்தாள்.

"பெறகு?" என்றாள்.